பாச்சோறு ஏன் வந்தது?

பின்னேரம் அஸர் தொழுது முடித்து எழும்பியபோது கேற்றடியில் ஸலாம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பின் தெரு ஹபீபா ராத்தா. கையில் ஒரு பீங்கான் கோப்பை, அதன் மேல் ஒரு தட்டு. தட்டைத் தூக்காமலே எனக்கு விளங்கிவிட்டது. தேங்காய்ப்பாலும் ஏலக்காயும் சேர்ந்த வாசம் அவருக்கு முந்தி வந்துவிட்டது.

பாச்சோறு.

"என்னத்துக்கு ராத்தா?" என்றேன்.

"சும்மாதான் டீச்சர். சப்ரீனாக்கு ஒரு நிய்யத்து வச்சிருந்த. அயலுக்கும் கொஞ்சம் குடுப்பம் எண்டு."

சப்ரீனா அவருடைய இரண்டாவது மகள். பத்தாம் வகுப்பு. அதற்கு முந்திய சனிக்கிழமைதான் எங்கள் வெளிக்களப் பயிற்சியில் கடலோரக் களப்புக்குப் போய் வந்திருந்தாள். பயிற்சி முடிந்து இன்னும் ஒரு கிழமை ஆகவில்லை, அதற்குள் உம்மா பாச்சோறு ஆக்கியிருக்கிறார்.

கோப்பையை வாங்கி உள்ளே வைத்து, ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். நல்ல பதம், சீனியும் அளவு. விழுங்கத்தான் முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து, "என்ன, உப்புப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு கோப்பையை எடுத்து வந்தார். அவருக்கென்ன, நிம்மதியான மனிதர். உட்கார்ந்து பாதியை முடித்துவிட்டார்.

வெறுமையாகக் கிடந்த புத்தகம்

பிடிவாதமாகப் பென்சன் எடுத்த கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். "இனி வீட்டில் ஓய்வாக இருக்கிறீர்களாக்கும்" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எங்கே ஓய்வு? உடற்கல்வி ஆசிரியையாக மைதானத்தில் விசில் ஊதிக்கொண்டிருந்தவளை, பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோய்ப் பழக்கும் ஒரு சின்ன நிறுவனம் பிடித்து இழுத்துக்கொண்டது. கடற்கரை, களப்பு, கண்டல் காடு, குன்று ஏறுதல். எனக்குத் தந்த பொறுப்பு பாதுகாப்பு. கேட்க நல்ல சொல்தான்.

முதலில் கொழும்புக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஏசிக் குளிரில் நடுங்கிக்கொண்டு இருந்தோம். பயிற்சி தந்தவர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். காயம் பட்டால் எல்லாரும் எழுதுவார்கள், அதை மறைக்க முடியாது. காயம் படாமல் தப்பியதைத்தான் விடாமல் எழுத வேண்டும். இன்றைக்கு ஒரு பிள்ளை தப்பிய இடத்தில்தான் நாளைக்கு இன்னொரு பிள்ளை தப்பாமல் போகும். பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை எனக்கு அது மண்டைக்குள்ளேயே இருந்தது.

வந்ததும் சம்பவப் பதிவேடு ஒன்று போட்டோம். பெண் பிள்ளைகளுக்கு ஒன்று, ஆண் பிள்ளைகளுக்கு ஒன்று. எங்கே நடந்தது, யாருக்கு நடந்தது, இனி என்ன செய்யலாம் என்று கட்டங்கள். பிள்ளையின் பெயர் வந்தால் தாயோ தகப்பனோ கையெழுத்து வைக்க வேண்டும். குழுவைக் கூட்டிப் போகிறவர் திரும்பி வந்து நிரப்ப வேண்டும்.

நிரப்பினார்கள். ஆண் பிள்ளைகளைக் கூட்டிப் போகும் நஸீர் சேருடைய பக்கங்களைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகான கையெழுத்து. ஒவ்வொரு கிழமையும் ஒரே வசனம்: "அல்ஹம்துலில்லாஹ், ஒரு பிரச்சினையும் இல்லை." பெண் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவள் யோகா, காரைதீவுப் பிள்ளை. அவள் கொஞ்சம் விபரமாக எழுதுவாள்: "ஒரு பிள்ளையின் செருப்புத் தொலைந்தது. பின்னர் கிடைத்தது."

உலகத்திலேயே ஆபத்தில்லாத தண்ணீர் கல்முனைப் பக்கம்தான் இருக்கிறது என்று தலைமைக் காரியாலயத்தில் நினைத்திருப்பார்கள். நான் கூட்டம் வைத்தேன், கெஞ்சினேன், ஏசினேன். எல்லாரும் "ஓம் டீச்சர், ஓம் டீச்சர்" என்று தலையாட்டினார்கள். அடுத்த கிழமையும் செருப்புத்தான் தொலைந்தது.

ஏன் எழுதமாட்டோம்

இதில் யாரையும் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆபத்துத் தப்பினால் அதை முடித்துவைக்க எங்கள் ஊரில் ஒரு வழி இருக்கிறது. மோட்டார் சைக்கிள் சறுக்கி எழும்பினாலும், மேலே விழ வந்த தேங்காய் பக்கத்தில் விழுந்தாலும், வீட்டில் நேர்ச்சையாக ஒரு நிய்யத்து வைப்பார்கள். பாச்சோறு ஆக்கி அயலுக்குக் கொடுப்பார்கள், அல்லது இல்லாதவர்களுக்குச் சதக்காவாக ஒரு கோழி போகும். அதோடு அந்தக் கதை முடிந்தது. அல்லாஹ் மூடிவிட்டதை நாம் ஏன் திறந்து பார்க்க வேண்டும் என்பார்கள்.

இப்போது அதிலும் ஒரு சிக்கல். நிய்யத்து வைத்துப் பாச்சோறு ஆக்குவது மார்க்கத்தில் இல்லை என்று சில மௌலவிமார் சொல்லத் தொடங்கியதிலிருந்து, ஆக்குகிறவர்கள் ஆக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், காரணத்தை மட்டும் சொல்வதில்லை. "சும்மாதான்" என்று கோப்பையை நீட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என் வேலையில் நான் கேட்டதிலேயே பயங்கரமான சொல் இந்தச் "சும்மாதான்".

பெண் பிள்ளை என்றால் இன்னும் பாடு. அந்தப் பெரிய அலை வந்து போனபிறகு எங்கள் கரையில் தண்ணீரைக் கண்டு பயப்படாத உம்மா இல்லை. பெண் பிள்ளைகளைக் களப்பில் இறக்கி, தண்ணீரில் மிதக்கவும் நீந்தவும் பழக்கலாம் என்று சொல்லி, வீடு வீடாகத் தேத்தண்ணி குடித்து, சம்மதம் வாங்கி முடிப்பதற்குள் எனக்கு இடுப்பே முறிந்துவிட்டது. ஒரு சொல் வெளியே வந்தாலும் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும். இது யோகாவுக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். பிள்ளைகளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஹபீபா ராத்தாவின் குசினி

அடுத்த நாள் காலையில் கோப்பையைக் கழுவி, வெறுங்கோப்பை கொடுக்கக்கூடாதே என்று நாலு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு பின் தெருவுக்குப் போனேன். ஹபீபா ராத்தா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சப்ரீனா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் துருவலை வேகமாக்கினாள்.

"ராத்தா, நான் ஊருக்குச் சொல்ல வரல்ல. என்ன நடந்த எண்டு எனக்கு மட்டும் சொல்லுங்க."

"ஒண்டும் நடக்கல்ல டீச்சர். ரப்பு ஹயாத்தக் குடுத்தான், உசிரோட இரிக்கா. முடிஞ்சி."

"முடியல்ல ராத்தா. அடுத்த சனிக்கிழமை நற்பிட்டிமுனைப் புள்ளைகள் அதே இடத்துக்குப் போகுதுகள்."

ராத்தாவின் கத்தி நின்றது. பதில் வந்தது மகளிடமிருந்து.

"நான் கம்புக்கு உள்ளுக்குத்தான் நிண்ட டீச்சர்."

அவள் குரலில் பயத்தைவிட ரோசம்தான் இருந்தது. சொன்னதை மீறிவிட்டாள் என்று நான் நினைத்துவிடுவேனோ என்ற ரோசம். ஆழம் தொடங்குகிற இடத்தில் நாங்கள் கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி வைப்போம். அதற்கு உள்ளே இடுப்பளவு தண்ணீர்தான். அங்கே நின்றவளுக்கு ஓரடி வைத்ததும் கீழே நிலம் இல்லை. நீளச் சட்டை நனைந்து காலைச் சுற்றிக்கொண்டது. கத்த வாயைத் திறந்தாள், தண்ணீர்தான் போனது. பக்கத்தில் நின்ற பிள்ளை அவளுடைய பர்தாவைப் பிடித்து இழுத்திராவிட்டால் நான் இந்தக் குசினிக்கு வேறு காரியமாகத்தான் வந்திருப்பேன்.

"தண்ணிக்கு அடியில போயிட்டன் டீச்சர். மேல எல்லாரும் சிரிக்கிற சத்தம் கேட்ட. அவங்களுக்குத் தெரியா."

நான் சப்ரீனாவின் தலையைத் தடவினேன். வேறு என்ன செய்ய?

புறப்படும்போது ராத்தா மெதுவாகச் சொன்னார், "நாங்க மட்டும் இல்ல டீச்சர். பள்ளிவாசலடி பௌசியா வீட்டயும் ஆக்கினாங்க. அவட மகளும் உங்களோட வந்த புள்ளதானே." பௌசியா வீட்டுக்கும் போனேன். அங்கேயும் முதலில் சும்மாதான். பிறகு அதே களப்பு, அதே கம்பு, கம்புக்கு உள்ளே அதே பள்ளம். அந்தப் பிள்ளை கழுத்தளவோடு தப்பியிருந்தது.

யோகா உடைத்த தேங்காய்

காரியாலயத்தில் யோகாவை உட்காரவைத்துக் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. கண்ணீர் பொலுபொலுவென்று கொட்டியது.

"எழுதினா அடுத்த முறை ஒரு உம்மாவும் புள்ளைய அனுப்பமாட்டா டீச்சர். எனக்கும் அண்டைக்கு நித்திரை இல்ல. விடியப் போய்ப் பிள்ளையார் கோயில்ல தேங்காய் உடைச்சன், அந்தப் புள்ளைக்காக."

எனக்குக் கோபம் வந்து, வந்த வழியே போய்விட்டது. கல்முனையில் பாச்சோறு, காரைதீவில் தேங்காய். ஆளாளுக்குக் கடவுளிடம் கணக்கை முடித்துவிட்டார்கள். களப்புக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அது தன் பாட்டில் தோண்டிக்கொண்டிருந்தது.

தோண்டியதற்குக் காரணம் பெரிய மர்மமில்லை. அந்த மாரி மழையில் வயலெல்லாம் வெள்ளத்தில் நின்றதால், களப்பு கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். வெட்டினால்தான் தண்ணீர் கடலுக்கு ஓடும், வேளாண்மை தப்பும். ஓடுகிற தண்ணீர் களப்பின் அடிமண்ணையும் அள்ளிக்கொண்டு போகும். போன வருஷம் நின்ற இடத்தில் இந்த வருஷம் நிற்க முடியாது. யோகா போன வருஷத்து இடத்திலேயே கம்பை நட்டிருந்தாள். சரி, கம்பைக் கொஞ்சம் உள்ளே தள்ளி நடலாமே என்றால், முகத்துவாரம் திறந்திருக்கும்வரை பள்ளம் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. மண் திரும்பவும் அடைக்கும்வரை அங்கே பிள்ளைகளை இறக்கக்கூடாது. அவ்வளவுதான் விசயம்.

எங்கள் நிறுவனப் பணிப்பாளருக்கு அழைப்பு எடுத்தேன். நல்ல மனிதர், ஆனால் காரியாலயத்துக்கு வெளியே செருப்பில் மண் பட்டதில்லை.

"சனிக்கிழமை வெளியிலிருந்து ஆட்கள் பார்க்க வாறாங்க டீச்சர். எதைக் காட்டி நான் நிப்பாட்ட? உங்கட புத்தகத்தில ஒண்டுமே இல்லயே."

"நான் இப்ப எழுதுறன்."

"பேரும் பெற்றோர் கையெழுத்தும் இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது ஊர்க்கதை."

அந்தக் கட்டங்களை வைக்கச் சொன்னவளே நான்தான். ஒழுங்காக இருக்கட்டும் என்று வைத்தது. அவரோடு சண்டை பிடிக்கக்கூட எனக்கு வழியில்லை.

ஒரு கையெழுத்துக்காக

பௌசியா கதவையே திறக்கவில்லை. ஜன்னலால், "அவர் வெளிநாட்டுல டீச்சர், கேட்காம நான் ஒண்டுலயும் கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார். மிச்சம் இருந்தது ஹபீபா ராத்தா. அவர் கதவைத் திறந்தார், கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், முடியாது என்றார்.

"மூத்தவளுக்குப் பொத்துவில்ல மாப்பிள பேசிட்டு இரிக்கி. புள்ளைகளக் களப்புல குளிக்க உடுற ஊடு எண்டு ஒரு சொல் போனாப் போதும். நீங்களும் பொம்புளப் புள்ள பெத்தவதானே டீச்சர்."

"ஓம் ராத்தா" என்றேன். அதற்கு மேல் வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிழையில்லை. மூத்த மகளின் வாழ்க்கை அவருக்குக் கண் முன்னால் இருந்தது. நற்பிட்டிமுனைப் பிள்ளைகள் எனக்குத்தான் கண் முன்னால் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். சனிக்கிழமை நானே போய்த் தண்ணீருக்குள் நிற்பதா, பஸ்ஸின் முன்னால் படுப்பதா என்றெல்லாம் யோசித்தேன். இந்த வயதில் இரண்டும் லேசில்லை. மூட்டுவலி வேறு.

வியாழக்கிழமை பகல் காரியாலயத்தில் இருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஹபீபா ராத்தா இறங்கினார். பின்னால் சப்ரீனா, பாடசாலைச் சீருடையோடு. ராத்தா என் முகத்தைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சோறு இறங்குதில்ல டீச்சர். அந்தப் புள்ளைகளுக்கும் உம்மா இரிக்கிதானே. எங்க கையெழுத்து வைக்கணும்?"

"மூத்தவட கலியாணம்?"

"நஸீபு இரிந்தா வருவாங்க. என்ட புள்ள தப்பினத்த மறைச்சி, அடுத்தவட புள்ள போனா, நான் எப்பிடித் தொழ முஸல்லால நிக்கிற?"

நடந்ததைச் சப்ரீனாவே தன் கையால் எழுதினாள். "நான் கம்புக்கு உள்ளேதான் நின்றேன்" என்று தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. ராத்தா கையெழுத்து வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். தேத்தண்ணிக்கும் நிற்கவில்லை.

ஒன்றும் நடக்காத சனிக்கிழமை

களப்புப் பயணம் நிறுத்தப்பட்டது. நற்பிட்டிமுனைப் பிள்ளைகளைப் பாடசாலை மைதானத்தில் வைத்துக் கயிறு இழுக்கவும் முதலுதவிக் கட்டுப் போடவும் பழக்கினோம். நீந்த ஆசையாக வந்த பிள்ளைகள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றன. "இதுக்கா எங்களக் கூட்டி வந்த?" என்று ஒருத்தி எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள். பார்க்க வந்தவர்கள் படம் எடுக்க ஒன்றுமில்லை என்று நேரத்தோடு போய்விட்டார்கள்.

இந்த வேலையின் களைப்பு இதுதான். சரியாகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்லமாட்டார்கள், அன்றைக்கு எந்தப் பிள்ளை எந்தப் பள்ளத்தில் கால் வைத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள், சிணுங்கிக்கொண்டு போனார்கள். அது போதும் என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஹபீபா ராத்தா கையெழுத்து வைத்தது ஊரில் மெல்லப் பரவியது. பிறகு பௌசியா வந்தார். இன்னும் சில உம்மாமார் வந்தார்கள். பாண்டிருப்பிலிருந்து ஒரு அம்மா, தன் மகள் குன்றில் சறுக்கியதைச் சொல்ல வெயிலில் நடந்தே வந்தார். யோகா இப்போது செருப்பைப் பற்றி எழுதுவதில்லை. பெண் பிள்ளைகளின் புத்தகம் பக்கம் பக்கமாக நிரம்பியது. நான் நீண்ட காலத்துக்குப் பிறகு கொஞ்சம் சந்தோசமாக இருந்தேன்.

அப்போதுதான் தலைமைக் காரியாலயத்தின் முடிவு வந்தது. எல்லா மாவட்டங்களையும் விட எங்கள் பெண் பிள்ளைகள் பிரிவிலேயே தப்பிய சம்பவங்கள் அதிகமாம். ஆகவே பெண் பிள்ளைகளின் நீர்ப் பயிற்சி மறு அறிவித்தல்வரை நிறுத்தம். ஆண் பிள்ளைகளின் பிரிவில் பதிவுகள் எதுவும் இல்லாதபடியால் அது வழமைபோல் நடக்கும்.

பணிப்பாளரிடம் கத்தினேன். மறைத்தவர்களுக்குப் பரிசு, உண்மை சொன்னவர்களுக்குத் தண்டனையா என்று கேட்டேன். "எனக்கு விளங்குது டீச்சர், ஆனா மேல அவங்க எண்ணிக்கையைத்தான் பாக்கிறாங்க" என்றார். மேலே யாரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை போலும்.

சப்ரீனாவுக்கு நானே போய்ச் சொன்னேன். வேறு வாயால் கேட்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் வாசல்படியில் இருந்து கேட்டாள்.

"நான் எழுதினத்தாலயா டீச்சர்?"

"இல்ல மகள். நீ எழுதினத்த வாசிக்கத் தெரியாத ஆக்களால."

"அப்ப எங்களுக்கு இனி நீந்தப் பழகவே ஏலாதா?"

"நான் உடமாட்டன். கொஞ்சக் காலம் போகும்."

அவள் எழும்பிச் சட்டையைத் தட்டிவிட்டாள். பிறகு சொன்னாள், "என்ட தம்பி இந்தச் சனிக்கிழமை நஸீர் சேரோட போறான். பொத்துவில் பக்கம் ஆத்துக்கு. வாப்பா நல்ல நிம்மதியா இரிக்காரு. பொடியன்மார்ர புத்தகத்துல ஒண்டுமே இல்லயாமே."

அங்கிருந்து நான் எப்படி வீட்டுக்கு நடந்து வந்தேன் என்று நினைவில்லை. வந்த கையோடு நஸீர் சேருக்கு அழைப்பு எடுத்தேன்.

"சேர், சனிக்கிழமை நானும் வாறன்."

சிரித்தார். "நீங்க எதுக்கு டீச்சர் இந்த வெயிலுக்குள்ள? பொடியன்மார்தானே."

"சப்ரீனாட தம்பியும் வாறான் சேர்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. பிறகு, பழக்கமில்லாத ஒரு மெல்லிய குரலில் அவர் சொன்னார்.

"வாங்க டீச்சர். உங்களுக்கு நான் எழுதாத ஒரு இடத்தக் காட்டணும்."